மேனேஜருக்குப் பெரிய எழுத்து வேண்டுமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வரும். தமிழ்வழியில் படித்தீர்கள். இப்போது ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு ஆங்கிலத்தில் மெயில் எழுதுகிறீர்கள். வாக்கியத்தின் முதல் எழுத்துக்கும் பெயருக்கும் கேப்பிடல் லெட்டர் என்று பள்ளியில் படித்ததோடு சரி. நீங்கள் பெரிய எழுத்தில் எழுதும் மேனேஜர், கம்பெனி, இன்வாய்ஸ் எல்லாவற்றையும் மேலதிகாரி சிறிய எழுத்தாக்கித் திருப்பி அனுப்புகிறார். அதே ஆள், இங்கிலீஷ், மண்டே, ஜனவரி எல்லாம் பெரிய எழுத்து, சம்மர் மட்டும் சிறிய எழுத்து என்கிறார். இதற்கு ஒரே விதி இருக்கிறதா, இல்லை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்ய வேண்டுமா என்பது உங்கள் கேள்வி.

வாக்கியத் தொடக்கத்தில் உங்களுக்குச் சந்தேகமே இல்லை. ஒரு சொல் எப்போது பெயர் ஆகிறது என்பதில்தான் சிக்கல். மேனேஜர் என்பதும் ஒருவரைத்தானே குறிக்கிறது, கம்பெனி என்பது நம் கம்பெனியைத்தானே குறிக்கிறது, பிறகு ஏன் வெட்டுகிறார்கள்? ஆங்கிலப் புத்தகங்களையும் நிறுவன அறிக்கைகளையும் காப்பி எடிட் செய்வது பல வருடமாக என் தொழில். என் மேசைக்கு வரும் பக்கங்களில் பெரிய எழுத்து விடுபட்ட இடங்களைவிடத் தேவையில்லாமல் ஏறி உட்கார்ந்திருக்கும் இடங்களே அதிகம். நம் ஊரிலிருந்து வரும் பிரதிகளில் இது இன்னும் கூடுதல். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடே இல்லாததால், அது எதற்கு என்று நாமாக ஒரு அர்த்தம் கற்பித்துக்கொள்கிறோம். முக்கியமானவர், மதிக்க வேண்டியவர், கவனிக்க வேண்டிய பொருள் என்றால் பெரிய எழுத்து என்று கை தானாகப் போகிறது. 'கிளையண்ட்' என்று சிறிய எழுத்தில் எழுதினால் வாடிக்கையாளரைக் குறைத்து மதிப்பதுபோல் நமக்குத் தோன்றும். படிக்கிற வெள்ளைக்காரருக்கு அப்படித் தோன்றவே தோன்றாது. ஆங்கிலத்தில் மரியாதையைச் சொற்களிலும் வாக்கியத்தின் பணிவிலும் காட்டுவார்கள். எழுத்தின் உயரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் ரொம்பக் குறைவு.

ஆகவே உங்கள் கேள்விக்கு ஒரு வரியில் பதில் வேண்டும் என்றால்: அந்தச் சொல் அந்த வாக்கியத்தில் ஒன்றை மட்டும் பெயர் சொல்லி அழைக்கிறதா, அல்லது அது எந்த வகை என்று சொல்கிறதா என்று பாருங்கள். பெயர் சொல்லி அழைத்தால் பெரிய எழுத்து. வகையைச் சொன்னால், அந்த வகையில் உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தாலும், சிறிய எழுத்து. உங்கள் அலுவலகத்தில் ஒரே ஒரு மேனேஜர் இருக்கலாம். அப்போதும் 'அவர் மேனேஜர் வில் கால் யூ' (இங்கே 'அவர்' என்பது 'எங்கள்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்) என்ற வாக்கியத்தில் மேனேஜர் என்பது அந்த ஆள் பார்க்கும் வேலை, அந்த ஆளின் பெயர் அல்ல.

இதைச் சோதிக்க நான் புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்குச் சொல்லும் வழி ஒன்று உண்டு. சொல்லுக்கு முன்னால் மை, அவர், யுவர், எ, த என்று ஏதாவது நிற்கிறதா பாருங்கள். நின்றால் பெரும்பாலும் சிறிய எழுத்து. ஒன்றும் இல்லையென்றால் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு ஓர் ஆளின் பெயரை அங்கே வைத்துப் படியுங்கள். வாக்கியம் உடையாமல் நின்றால் பெரிய எழுத்து. 'மை மதர் கால்ட்' என்பதில் மதருக்குப் பதிலாக லட்சுமி என்று போட்டால் 'மை லட்சுமி கால்ட்' என்று அபத்தமாகிறது, எனவே சிறிய எழுத்து. 'மை' இல்லாமல் 'மதர் கால்ட்' என்று எழுதினால் அங்கே லட்சுமி கச்சிதமாகப் பொருந்துகிறது, எனவே பெரிய எழுத்து. டாக்டரும் இப்படித்தான். 'ஐ சா த டாக்டர்' என்றால் சிறியது, 'டாக்டர் ரெட்டி' என்றால் பெரியது, ஏனென்றால் அங்கே பட்டம் பெயரோடு ஒட்டிப் பெயரின் ஒரு பகுதியாகிவிட்டது. அங்கிள், பிரெசிடெண்ட், புரொபசர் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. ஆனால் 'அவர் மேனேஜர் ஜான்' என்று எழுதும்போது பெயர் பக்கத்திலேயே இருந்தாலும் மேனேஜர் சிறிய எழுத்துதான். டாக்டர் ரெட்டி என்று கூப்பிடுவதுபோல 'மேனேஜர் ஜான்' என்று யாரும் ஆங்கிலத்தில் கூப்பிடுவதில்லை. அது வேலை விவரம் மட்டும்.

இந்தச் சோதனை எல்லா இடத்திலும் கைகொடுக்காது. 'த' முன்னால் வந்தும் பெரிய எழுத்து வாங்கும் பெயர்கள் உண்டு: த இந்தியன் ஓஷன், த சுப்ரீம் கோர்ட் ஆஃப் இந்தியா, த யுனைடெட் நேஷன்ஸ். மனிதர்களின் உறவுமுறைக்கும் பதவிக்கும் இந்தச் சோதனை நன்றாக வேலை செய்யும். இடங்களுக்கும் அமைப்புகளுக்கும் 'இது முழுப்பெயரா?' என்ற கேள்விதான் நம்பத்தகுந்தது. முழுப்பெயரை எழுதும்போது பெரிய எழுத்து. அடுத்த வரியில் த ஓஷன், த யுனிவர்சிட்டி, த பேங்க் என்று சுருக்கிச் சொல்லும்போது பொதுவாகச் சிறிய எழுத்து.

கம்பெனி என்ற சொல்லைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் குழப்பத்துக்கு நியாயமான காரணம் இருக்கிறது. நீங்கள் பார்க்கும் ஒப்பந்தங்களில் த கம்பெனி, த பையர், த செல்லர், த கூட்ஸ் என்று எல்லாமே பெரிய எழுத்தில் இருந்திருக்கும். அது அலங்காரமும் இல்லை, மரியாதையும் இல்லை. ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: இன்ன முகவரியில் பதிவான இன்ன நிறுவனம் இனிமேல் 'த கம்பெனி' எனப்படும் என்று வரையறுத்திருப்பார்கள். அந்த வரியிலிருந்து கம்பெனி என்பது அந்த ஆவணத்துக்குள் ஒரு சொந்தப் பெயராகிவிடுகிறது. பின்னால் எங்கே பெரிய எழுத்தில் வந்தாலும் அது அந்த வரையறையைச் சுட்டுகிறது. ஒப்பந்தத்தின் நடுவில் எங்காவது சிறிய எழுத்தில் கம்பெனி என்று வந்தால், 'இது வரையறுத்த அந்தக் கம்பெனியா, பொதுவாக ஏதோ ஒரு கம்பெனியா?' என்று வக்கீல் கேட்பார், கேட்கவும் வேண்டும். அதனால் ஒப்பந்த வாசகத்தை மெயிலில் எடுத்துப் போடும்போது அதன் பெரிய எழுத்துகளை அப்படியே விடுங்கள். சாதாரண மெயிலில் அந்த வரையறை இல்லை. அங்கே 'அவர் கம்பெனி' சிறிய எழுத்து. உங்கள் மேலதிகாரி திருத்தியது சரி.

அரசுக் கடிதங்களின் ஆங்கிலம் இன்னொரு பழக்கம். கலெக்டர், கவர்ன்மெண்ட், டிபார்ட்மெண்ட் என்று பெயர் இல்லாமல் தனியாக வந்தாலும் பெரிய எழுத்தில் எழுதுவது நம் அலுவலகங்களில் பரவலான வழக்கம். அதைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். அந்தந்த அலுவலகத்துக்குள் அது செல்லும். அமெரிக்கப் பத்திரிகைகள் பெரும்பாலும் பின்பற்றும் ஏபி (அசோசியேட்டட் பிரஸ்) எழுத்துநடைக் கையேடும், 1906 முதல் வந்துகொண்டிருக்கும் சிகாகோ கையேடும், பதவி பெயருக்கு முன்னால் வந்தால் மட்டும் பெரிய எழுத்து, தனியாக நின்றால் அமெரிக்க அதிபரே ஆனாலும் சிறிய எழுத்து என்கின்றன. வெளிநாட்டுக்கு எழுதும் வணிக மெயிலுக்கு இந்த வழியே பொருத்தம்.

இனி மண்டேக்கும் சம்மருக்கும் வருவோம். கிழமை, மாதம், பண்டிகை, மொழி, நாட்டினம், மதம் இவையெல்லாம் எப்போதும் பெரிய எழுத்து. நான்கு பருவங்களும் சிறிய எழுத்து. இதில் எந்தக் கையேட்டுக்கும் மாற்றுக்கருத்து இல்லை, எனவே கண்ணை மூடிக்கொண்டு மனப்பாடம் செய்யலாம். காரணம் கேட்டால், கிழமைகள் தெய்வங்களின் பெயரிலிருந்து வந்தவை என்பார்கள். வெட்னஸ்டே வோடன் என்ற தெய்வத்திடமிருந்தும், தர்ஸ்டே தோரிடமிருந்தும் வந்தது உண்மை. ஜூலை, ஆகஸ்ட் இரண்டும் ரோமானியத் தலைவர்களின் பெயர்கள். ஆனால் இது விளக்கமாகாது. செப்டம்பர் என்பது ஏழு என்ற எண்ணிலிருந்து வந்தது, அதுவும் பெரிய எழுத்து வாங்குகிறது. பிரெஞ்சில் கிழமையும் மாதமும் மொழியின் பெயரும் சிறிய எழுத்தில்தான் எழுதப்படுகின்றன, இத்தனைக்கும் அங்கேயும் பெரும்பாலான கிழமைகள் ரோமானியத் தெய்வங்களின் பெயரிலிருந்து வந்தவை. ஜெர்மனில் நாற்காலி, மேசை உட்பட எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் பெரிய எழுத்து. இது ஆங்கிலத்தின் வழக்கம், அவ்வளவுதான். தர்க்கம் தேடிக் களைத்துப் போக வேண்டாம்.

மொழிப்பெயர் பெரிய எழுத்து என்பதால் பள்ளிப் பாடங்களில் ஒரு விநோதம் வரும். இங்கிலீஷ், தமிழ் இரண்டும் பெரியது. பிசிக்ஸ், காமர்ஸ், மேத்தமேட்டிக்ஸ் சிறியது. பயோடேட்டாவில் 'பேச்சலர் ஆஃப் காமர்ஸ்' என்று பட்டத்தின் முழுப்பெயரை எழுதும்போது பேச்சலருக்கும் காமர்ஸுக்கும் பெரிய எழுத்து, நடுவில் 'ஆஃப்' சிறியது. 'எ டிகிரி இன் காமர்ஸ்' என்று வாக்கியத்தில் சொன்னால் எல்லாம் சிறியது.

'ஐ' மட்டும் ஏன் எப்போதும் பெரியது, தன்னைப் பெருமைப்படுத்திக்கொள்வதா என்று சிலர் கேட்பார்கள். இல்லை. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல் 'இச்' என்பதுபோல ஒலித்தது. பின்னால் மெய்யொலி தேய்ந்து ஒற்றை எழுத்தாகச் சுருங்கிவிட்டது. ஒற்றைக் கோடாகத் தனியே நிற்கும் சிறிய எழுத்து கையெழுத்துப் பிரதியில் கண்ணுக்குத் தப்பிவிடும், பக்கத்துச் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் நீட்டி எழுதினார்கள் என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். வீ, ஹி, ஷி, தே எதற்கும் இந்தச் சலுகை இல்லை. 'ஐயம்', 'ஐவ்' என்ற சுருக்கங்களிலும் அது பெரியதாகவே இருக்கும். வாட்ஸப்பில் நண்பருக்குச் சிறிய எழுத்தில் எழுதினால் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். வாடிக்கையாளருக்கு எழுதும்போது அது அலட்சியமாகத் தெரியும்.

பழைய ஆங்கிலத்தைப் படித்துவிட்டுக் குழம்புகிறவர்களும் உண்டு. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கிலத்திலும் ஜெர்மனைப் போலவே பெயர்ச்சொல் எல்லாவற்றுக்கும் பெரிய எழுத்து போடும் பழக்கம் இருந்தது. 1787-இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பின் முதல் வாக்கியத்தில் பீப்பிள், ஆர்டர், யூனியன், ஜஸ்டிஸ் எல்லாம் பெரிய எழுத்தில் இருக்கும். பெர்ஃபெக்ட் என்ற உரிச்சொல் சிறிய எழுத்தில் இருக்கும். அந்தக் காலத்துக்கு அது சரி. பிறகு ஆங்கிலம் அதைக் கைவிட்டது. டேனிஷ் மொழியும் இதே பழக்கத்தை 1948-இல்தான் விட்டது. எனவே பழைய ஆவணத்தைப் பார்த்து இன்றைய மெயிலை எழுதக் கூடாது.

இப்போது உங்கள் வேலைக்கு நேராக வருகிறேன். நீங்கள் எழுதக்கூடிய ஒரு மெயிலைச் சொல்லுக்குச் சொல் பார்ப்போம். 'டியர் சர்' என்று தொடங்குகிறீர்கள். டியருக்கும் பெரிய எழுத்து, சருக்கும் பெரிய எழுத்து, விளிக்கும் இடம் என்பதால். அதற்குப் பின் கமா போட்டு அடுத்த வரிக்குப் போகிறீர்கள். கமாவுக்குப் பிறகு சிறிய எழுத்துதானே என்று இங்கே பலர் தடுமாறுவார்கள். புது வரியின் முதல் சொல்லுக்குப் பெரிய எழுத்துதான், முன்னால் கமா இருந்தாலும். 'தேங்க் யூ ஃபார் யுவர் மெயில் ஆஃப் டூஸ்டே': தேங்க், டூஸ்டே இரண்டு மட்டும் பெரியது. மெயில் சிறியது. 'தி அட்டாச்ட் இன்வாய்ஸ் இஸ் ஃபார் மார்ச்': வாக்கியத் தொடக்கத்தில் இருக்கும் 'தி' பெரியது, மார்ச் பெரியது, இன்வாய்ஸ் சிறியது. 'அவர் அக்கவுண்ட்ஸ் மேனேஜர் வில் கால் யூ நெக்ஸ்ட் வீக்': தொடக்கத்து 'அவர்' மட்டும் பெரியது. அக்கவுண்ட்ஸ், மேனேஜர் இரண்டும் சிறியது. 'யூ' என்பதை மரியாதைக்காகப் பெரிய எழுத்தில் எழுதுவது ஆங்கிலத்தில் கிடையாது. ஜெர்மனில் உண்டு, அங்கே மரியாதைப் பன்மையான 'ஸீ' எப்போதும் பெரிய எழுத்து.

முடிவில் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி'. யுவர்ஸ் பெரியது, ஃபெய்த்ஃபுலி சிறியது. எனக்கு வரும் நூறு கடிதங்களில் பாதியிலாவது இரண்டுமே பெரிய எழுத்தில் இருக்கும் என்று சொல்லும் அளவுக்கு இது பரவிய பிழை. 'கைண்ட் ரிகார்ட்ஸ்' என்பதிலும் முதல் சொல் மட்டும்தான். அதற்குக் கீழே உங்கள் பெயர், அதற்குக் கீழே 'அக்கவுண்ட்ஸ் மேனேஜர்' என்று பதவி. இந்த இடத்தில் பதவிக்கு இரண்டு சொல்லும் பெரிய எழுத்து. உள்ளே சிறியதாக இருந்த அதே சொல் கையொப்பத்தில் பெரியதாவதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். கையொப்பம் வாக்கியம் அல்ல, விசிட்டிங் கார்டு மாதிரி தனியாக நிற்கும் வரி. முகவரியிலும் இப்படித்தான்.

இன்வாய்ஸோடு எண் சேர்ந்தால் என்ன செய்வது? இங்கேதான் நான் உறுதியாகச் சொல்ல முடியாத பகுதி தொடங்குகிறது, ஏனென்றால் விதிப்புத்தகங்களே ஒத்துப்போவதில்லை. சொல்லுக்குப் பின் எண் வந்தால் சில கையேடுகள் பெரிய எழுத்து கேட்கும், சில கேட்காது. சிகாகோ 'சாப்டர் 5' என்பதில் சாப்டரைச் சிறிய எழுத்தில் எழுதச் சொல்கிறது. உளவியல் ஆய்வுகளுக்கான ஏபிஏ முறையில் 'டேபிள் 3', 'ஃபிகர் 2' இரண்டும் பெரிய எழுத்து. இன்வாய்ஸ் எண்ணைக் குறிப்பிடும்போது பெரிய எழுத்து போடுவது வணிகக் கடிதங்களில் பரவலாக இருக்கிறது, எண்ணோடு சேர்ந்து அது ஒரு குறிப்பிட்ட தாளின் பெயர்போல ஆகிவிடுகிறது. நான் அதை விட்டுவிடுவேன். ஆனால் ஒரே மெயிலில் ஓரிடத்தில் பெரியது, இன்னோரிடத்தில் சிறியது என்று வந்தால் விடமாட்டேன்.

இரட்டைப்புள்ளிக்குப் பின் வருவதும் இப்படித்தான். முழு வாக்கியம் வந்தால் பெரிய எழுத்து என்கிறது ஏபி. ஒரு வாக்கியம் மட்டும் என்றால் சிறியது, இரண்டு மூன்று தொடர்ந்து வந்தால் பெரியது என்கிறது சிகாகோ. பிரிட்டிஷ் வழக்கம் பொதுவாகச் சிறியது. தலைப்புகளில் கருத்து வேறுபாடு இன்னும் அதிகம். ஒவ்வொரு முக்கியச் சொல்லுக்கும் பெரிய எழுத்து போடும் முறையில், நீளம் பார்த்து முடிவு செய்பவர்கள் இருக்கிறார்கள், இலக்கணம் பார்த்து முடிவு செய்பவர்கள் இருக்கிறார்கள். 'வித்' நான்கு எழுத்து, எனவே பெரியது என்கின்றன ஏபியும் ஏபிஏவும். சிகாகோ முன்பெல்லாம் எத்தனை நீளமான முன்னிடைச்சொல்லானாலும் (பிரிபொசிஷன்) சிறியது என்றது. 2024-இல் வந்த 18-ஆம் பதிப்பில் ஐந்தும் அதற்கு மேலும் எழுத்து உள்ளவற்றைப் பெரியதாக்கிவிட்டது. 'வித்' அங்கே இன்னும் சிறியதுதான். எல்லோரும் ஒத்துக்கொள்ளும் ஒன்று, 'இஸ்' வினைச்சொல், இரண்டே எழுத்தானாலும் தலைப்பில் பெரிய எழுத்து. இதைச் சின்னச் சொல்தானே என்று சிறியதாக்கிவிடுவது அடிக்கடி பார்க்கும் பிழை. மெயிலின் சப்ஜெக்ட் வரிக்கு என் பரிந்துரை: சாதாரண வாக்கியம் மாதிரி முதல் சொல்லுக்கும் பெயர்களுக்கும் மட்டும் பெரிய எழுத்து போடுங்கள். அதையும் நிறையப் பேர் ஏற்கிறார்கள், 'வித்' பற்றிய தலைவலியும் இல்லை.

சப்ஜெக்ட் வரி முழுவதையும் பெரிய எழுத்தில் எழுதுவது வேறு விஷயம், அதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அவசரத்தைக் காட்டுகிறோம் என்று நினைத்து எழுதுகிறோம். படிப்பவருக்குக் கத்துவதுபோல் கேட்கிறது. படிவங்களில் பிளாக் லெட்டரில் நிரப்பச் சொல்வது வெவ்வேறு கையெழுத்துகள் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, அந்தக் காரணம் தட்டச்சில் இல்லை. பிரிட்டனில் முதல் மோட்டார்வேயான பிரெஸ்டன் பைபாஸ் 1958-இல் திறந்தபோது, ஜாக் கின்னியரும் மார்கரெட் கால்வெர்ட்டும் அதற்கு வடிவமைத்த பலகைகளில் ஊர்ப்பெயர்கள் முழுப் பெரிய எழுத்தில் இல்லாமல் முதல் எழுத்து மட்டும் பெரியதாக இருந்தன. வேகமாகப் போகிறவருக்கு வாசிக்க எளிது என்பதே அவர்கள் நோக்கம். அமெரிக்க ஒப்பந்தங்களில் உத்தரவாத மறுப்புப் பத்திகள் மட்டும் முழுப் பெரிய எழுத்தில் வரும். அந்த வாசகம் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று அங்கே சட்டம் கேட்கிறது, அதற்கு வக்கீல்கள் கண்ட வழி அது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏற்றுமதி ஆவணங்களில் இது பணத்தைப் பாதிக்கும். அளவுக் குறியீடுகளில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு பொருள் உடையவை, இதில் கருத்து வேறுபாட்டுக்கே இடமில்லை. கிலோகிராமுக்கு கே, ஜி இரண்டும் சிறிய எழுத்து. பெரிய எழுத்து கே என்பது கெல்வின் என்ற வெப்பநிலை அலகு. நம் பில்களில் கேஜி இரண்டும் பெரிய எழுத்தில் அச்சாகி வருவது சர்வசாதாரணம். சரக்கின் எடையில் அதனால் யாரும் ஏமாறப்போவதில்லை, ஆனாலும் அது பிழை. மெகாவாட்டில் எம் பெரியது, மில்லிவாட்டில் எம் சிறியது. இரண்டுக்கும் இடையே நூறு கோடி மடங்கு வித்தியாசம். மின்சாதனம் அனுப்புகிறவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். லிட்டருக்கு மட்டும் சிறிய எல், பெரிய எல் இரண்டும் செல்லும். சிறிய எல், ஒன்று என்ற எண்போலத் தெரிவதால் 1979-இல் பெரிய எழுத்தையும் அனுமதித்தார்கள். விஞ்ஞானிகளின் பெயரில் வந்த அலகுகளை முழுச் சொல்லாக எழுதினால் சிறிய எழுத்து, குறியீடாக எழுதினால் பெரிய எழுத்து: நியூட்டன், பாஸ்கல், வாட் எல்லாம் இப்படித்தான். டிகிரி செல்சியஸில் செல்சியஸ் மட்டும் விதிவிலக்காகப் பெரியது. வேதியியலில் சி பெரியது, ஓ சிறியது என்றால் கோபால்ட் என்ற உலோகம். இரண்டும் பெரியது என்றால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு. தாவரப் பெயரில் முதல் சொல் பெரியது, இரண்டாவது எப்போதும் சிறியது. வேம்பு 'அசாடிரக்டா இண்டிகா' என்றால், இண்டிகா இந்தியாவைக் குறித்தாலும் சிறிய எழுத்துதான். வேப்பெண்ணெயோ புளியோ ஏற்றுமதி செய்தால் லேபிளில் இதைக் கவனியுங்கள்.

சில சொற்கள் நம் கண்ணெதிரே மாறிக்கொண்டிருக்கின்றன. இண்டர்நெட் முன்பு பெரிய எழுத்தில் எழுதப்பட்டது. 2016-இல் ஏபி அதைச் சிறியதாக்கியது, மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். 2020-இல் அதே ஏபி, ஆப்பிரிக்க வம்சாவளி மக்களைக் குறிக்கும்போது 'பிளாக்' என்பதைப் பெரிய எழுத்தில் எழுதத் தொடங்கியது, நிறத்தைக் குறித்தால் பழையபடி சிறியது. கடவுளைக் குறிக்கும் 'ஹி' பெரியதா சிறியதா என்று கேட்பவர்கள் உண்டு. 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளிலேயே அது சிறியதுதான், பெரியதாக எழுதுவது பிற்காலப் பக்திவழக்கம். இரண்டும் இன்று புழக்கத்தில் இருக்கின்றன, எழுதுபவரின் நம்பிக்கையை மதித்து நான் அதைத் தொடுவதில்லை. சிறிய எழுத்தில் தொடங்கும் ஐபோன், ஈபே மாதிரியான பெயர்கள் வாக்கியத் தொடக்கத்தில் வந்தால் ஈபேயின் முதல் எழுத்தைப் பெரியதாக்கச் சொல்கிறது ஏபி. அப்படியே விடலாம் என்கிறது சிகாகோ. வாக்கியத்தை மாற்றி எழுதி அந்தப் பெயரை நடுவில் கொண்டுபோய் வைத்தால் பிரச்சினை தீர்ந்தது.

கம்ப்யூட்டரை நம்பி விட்டுவிடாதீர்கள். சுருக்கத்துக்காக வைத்த புள்ளியை வாக்கிய முடிவு என்று நினைத்து அடுத்த சொல்லை ஆட்டோகரெக்ட் பெரியதாக்கிவிடும். 'அப்ராக்ஸ்' என்று சுருக்கிப் புள்ளி வைத்தால் பின்னால் வரும் சொல்லை ஒருமுறை பாருங்கள். அதேபோல மே, மார்ச், போலிஷ், டர்க்கி, சைனா போன்ற சொற்களைப் பிழைதிருத்தி கண்டுகொள்ளாது, இரண்டு வடிவமும் அதற்குச் சரி. மார்ச் சிறிய எழுத்தில் அணிவகுத்து நடப்பது. போலிஷ் பெரிய எழுத்தில் போலந்து நாட்டு மொழி, சிறிய எழுத்தில் நாம் பாலிஷ் போடுவது. உச்சரிப்பே மாறிவிடும்.

உங்கள் மேலதிகாரியிடம் ஒன்று கேளுங்கள்: நிறுவனத்துக்கென்று எழுத்துநடைத் தாள் ஏதாவது இருக்கிறதா, இல்லையென்றால் பிரிட்டிஷ் வழக்கமா அமெரிக்க வழக்கமா. நான் 'ஒத்துப்போவதில்லை' என்று சொன்ன இடங்களுக்கெல்லாம் அவர் சொல்வதை ஒரு பக்கத்தில் குறித்துவைத்து அப்படியே பின்பற்றுங்கள். வாடிக்கையாளரின் நிறுவனப் பெயரை மட்டும் அவர் சொல்லையும் கேட்க வேண்டாம், என் சொல்லையும் கேட்க வேண்டாம். அவர்களுடைய லெட்டர்ஹெட்டிலோ இணையதளத்தின் அடிவரியிலோ எப்படி எழுதியிருக்கிறார்களோ அப்படியே எழுதுங்கள். லோகோவைப் பார்த்து எழுதாதீர்கள். லோகோவில் அழகுக்காக எல்லாம் சிறிய எழுத்தாகவோ எல்லாம் பெரிய எழுத்தாகவோ இருக்கும், பதிவான பெயர் வேறு மாதிரி இருக்கும்.